ஒரு படிச் சொல்லேணி

வயலை மணமாக்க ஐந்து மாற்றம் போதும். வயல், கயல், கடல், மடல், மணல், மணம். ஒவ்வொரு தடவையும் ஒரேயோர் எழுத்தைத்தான் மாற்றலாம். மாற்றிய பிறகு கையில் இருப்பது பொருளுள்ள சொல்லாக இருக்க வேண்டும். இதற்குச் சொல்லேணி என்று பெயர். கம்பஸில் எங்கள் பிரிவின் வாட்ஸ்அப் குழுவில் தினமும் ஒரு சொல்லேணி போடுவது என் பொறுப்பு. யாரும் எனக்குத் தந்த பொறுப்பில்லை. யாரும் பறிக்காததால் என்னுடையதாகிவிட்டது.

மேலே உள்ள ஏணியை என் ராத்தா, அதாவது அக்கா, நிப்லாவின் கல்யாணத்தை முன்னிட்டுப் போட்டேன். வாழ்த்து வரும் என்று பார்த்திருந்தேன். "கயல் எண்டு ஒரு மீன நிந்தவூர் சந்தையில ஒருத்தனும் விக்கல்லியே" என்று ஒருவன் ஆட்சேபம் கிளப்பினான். இன்னொருவன் அகராதியைப் படமெடுத்துப் போட்டான். அஸர் தொழுகை வரைக்கும் சண்டை நடந்தது. கல்யாணம் எப்போது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் சொல்லியிருக்க முடியாது. நடக்குமா என்பதே அப்போது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

காரணம் வாப்பா. பெயர் அப்துல் ஸமட். வீடு நிந்தவூரில், வயல் இறக்காமத்தில். வயல் வரம்பில் நின்று யானை விரட்டிப் பழகிய தொண்டை. வீட்டுக்குள் இருந்து உப்புக் கேட்டால் அடுத்த வீட்டு வளவிலிருந்தும் உப்புக் கொண்டு வருவார்கள். மாப்பிள்ளை பார்த்ததும் அவர்தான். வரிப்பத்தான்சேனை மிஹ்லார், எங்கள் வயலுக்கு அடுத்த வயல்காரன். "வயலுக்குத் தண்ணி மாறுறதுக்கு சண்ட புடிக்காத ஒரே மனிசன்" என்று வாப்பா சான்றிதழ் கொடுத்தார். நோன்புக்கு முன் நிகாஹ் என்று நாள் குறித்தார்கள்.

பிறகு ஒரு நாள் வயலிலிருந்து வந்தவர் சாப்பிடும்போது பேசவே இல்லை. கை கழுவிக்கொண்டே சொன்னார்:

"நிப்லாட விசயம் ஒண்டு கதைக்கோணும். நாளைக்கு கதைப்பம்."

"இப்பயே கதைங்களன்" என்றார் உம்மா.

"நித்திர வருகுது."

மறுநாள் ஸுபஹுத் தொழுகைக்குக் கை கால் கழுவி வுழூ செய்யப் போனவர் தண்ணீர்த் தொட்டியடியில் விழுந்து கிடந்தார். வலக்கை போனது, வலக்கால் போனது, தமிழும் போனது. ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது ஒரேயொரு சொல் திரும்பியிருந்தது.

"வேணாம்."

சோறு கொடுத்தால் வேணாம் என்பார், வாயைத் திறப்பார். முழுவதையும் சாப்பிட்டுவிட்டு வேணாம் என்பார். நோய் பார்க்க வந்த ஒருவர் பிஸ்கட் பெட்டியை நீட்ட, வாப்பா வேணாம் என்றார். வந்தவர் மரியாதை தெரிந்த மனிதர். பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வாப்பா என்ன கதைக்க இருந்தார் என்பதைப் பற்றி வீட்டில் ஆளுக்கொரு கட்சி. கல்யாணம் முடிந்தால் வீடு ராத்தாவுக்கு. மிஹ்லார் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். உம்மாவும் வாப்பாவும் பின்பக்க அறைக்குப் போவார்கள். "பின் அறைக்கு ஓடு போடுறதா, தகரம் போடுறதா எண்டு கேக்க இருந்திருப்பாரு" என்பது உம்மாவின் கட்சி. ராத்தா கட்சி எதிலும் சேரவில்லை. நான் ஒரு நாள் நேரே கேட்டுப் பார்த்தேன்.

"வாப்பா, ராத்தாட விசயம் நாளைக்கு கதைப்பம் எண்டீங்களே. என்ன அது? ஓடா?"

"வேணாம்."

"மிஹ்லார் மச்சானப் பத்தியா?"

"வேணாம்" என்றவர் இடக்கையால் போர்வையைப் பிடித்துப் பிடித்து விட்டார். கண் நிறைந்தது. நான் தகரத்தைப் பற்றிக் கேட்காமலே எழுந்து வந்தேன்.

ஜவாத் மௌலவி வந்தது அந்த வாரம்தான். நிகாஹ் நடத்துகிறவர் அவர். கதிரையை வாப்பாவின் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பொண்ணக் குடுக்கிற பொறுப்பு வாப்பாவுக்கு. அவருதான் வலி, பொறுப்பாளி" என்றார். "வாய் பேசாத வாப்பா எண்டா சைகையே போதும். கிதாபுல இரிக்கி. ஆனா இவரு வாய் பேசாத ஆள் இல்லியே. தெளிவாக் கதைக்கிறாரே."

"ஒரு சொல்லுத்தானே மௌலவி" என்றார் உம்மா.

"அந்தச் சொல்லுத்தான் பிரச்சின. ரெண்டு சாட்சிக்கு முன்னால பொண்ணத் தாறீங்களா எண்டு நான் கேக்க, இவரு வேணாம் எண்டா நான் என்னத்த எழுதுற?"

"தலைய ஆட்டுவாரு."

மௌலவி சோதித்துப் பார்த்தார். "ஒங்கட பேர் அப்துல் ஸமட் தானே?" வாப்பா தலையாட்டினார். "வேணாம்." எங்கள் முகம் மலர்ந்தது. "ஒங்கட பேர் ஹமீட் தானே?" வாப்பா அதே அக்கறையோடு தலையாட்டினார். "வேணாம்." ஹமீட் ஹாஜியார் என்பவர் பள்ளிவாசல் தலைவர். அவராக இருப்பதிலும் வாப்பாவுக்கு ஆட்சேபம் இருக்கவில்லை.

"அப்ப அடுத்த ஆளுக்குப் போகோணும்" என்றார் மௌலவி. "வாப்பாட வாப்பா மௌத்து. புறகு கூடப்பொறந்த ஆம்புள."

என்னைப் பார்த்தார். நான் எனக்குப் பின்னால் பார்த்தேன். சுவர்தான் இருந்தது.

"இவனா?" என்று திரைக்குப் பின்னாலிருந்து ராத்தாவின் குரல் வந்தது. "வாப்பா உசிரோட முன்னால இரிக்கக்குள்ள றுமைஸ் என்னக் குடுக்கிறதா? தண்ட சைக்கிள ஒழுங்காப் பூட்டத் தெரியாது இவனுக்கு. நான் மாட்டன் மௌலவி. வாப்பாட வாயால ஒரு சொல் வரட்டும். அது வரைக்கும் நான் இரிப்பன்."

"ஓம் எண்டாலும் சரி புள்ள, வேணும் எண்டாலும் சரி" என்றார் மௌலவி. "ரெண்டுல ஒண்டு வந்தா எனக்குக் காணும்."

மௌலவி போன பிறகு நான் கணக்குப் பார்த்தேன். ஆம் என்பதற்கான ஓம் சரிவராது. இரண்டெழுத்து. எழுத்தின் தொகை மாறக்கூடாது என்பது ஏணியின் சட்டம். ஆனால் வேணாம் என்பதிலிருந்து வேணும் என்பதற்கு நடுவில் ஓரெழுத்து. ணா போய் ணு வரவேண்டும், அவ்வளவுதான். இத்தனை இலகுவான ஏணியைக் குழுவில் போட்டிருந்தால் என்னைக் குழுவை விட்டே எடுத்திருப்பார்கள். எனக்குப் பெரிய நம்பிக்கை வந்தது.

ராத்தா பாலர் பாடசாலை ரீச்சர். அவளுடைய எழுத்து அட்டைகளை எடுத்து வாப்பாவின் மடியில் வே, ணா, ம் என்று வரிசையாக வைத்தேன். பக்கத்தில் ணு.

"வாப்பா, இதை எடுத்துட்டு இதை வைக்கோணும். எது வேணும்?"

வாப்பா இடக்கை விரலை நேரே ணு மீது வைத்தார். நான் உம்மாவைக் கூப்பிட்டேன். உம்மா அடுப்படியிலிருந்து அகப்பையோடு ஓடி வந்தார்.

"இப்ப வாசிங்க வாப்பா. வே... ணு..."

"வேணாம்."

மறுநாள் அதே விரல் ணா மீது போனது. அடுத்த நாள் இரண்டு அட்டையையும் எடுத்து மடிக்குள் வைத்துக்கொண்டு தரமாட்டேன் என்றார். அதாவது, வேணாம் என்றார். நான் வாயை எப்படிக் குவிப்பதென்று முன்னால் இருந்து காட்டினேன். அவர் என் வாயையே உன்னிப்பாகப் பார்த்தார். அவருடைய உதடும் குவிந்தது. குவிந்த உதட்டுக்குள்ளிருந்து வேணாம் வந்தது. எப்படி வந்ததென்று அவரும் வியந்ததுபோல் இருந்தது.

கல்முனையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் கிருஷிகா மிஸ்ஸிடம் அட்டைகளோடு போனேன். என் முறையை விளக்கினேன். அவர் கடைசி வரை பொறுமையாகக் கேட்டார்.

"தம்பி, நீங்கள் அவர் அந்தச் சொல்லைத் தெரிஞ்செடுத்துச் சொல்லுறார் எண்டு நினைக்கிறீங்கள். இல்லை. அவர் வேற என்னமோ சொல்லத்தான் வாய் திறக்கிறார். திறந்த உடனே அது வந்து விழுகுது."

"அப்ப அவருக்குள்ள வேணும் இரிக்கா மிஸ்?"

"இருக்கலாம்."

"வேணாமும் இரிக்கலாமா? உண்மையான வேணாம்?"

அவர் அட்டைகளை அடுக்கி என்னிடம் தந்தார். "அதுவும் இருக்கலாம். அவரை வருத்தாதீங்கோ. அவரோட கதையுங்கோ, அது காணும்."

இந்த விசயத்தை நான் வீட்டில் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லாமலே இன்னொருவருக்கு அது தெரிந்திருந்தது. மிஹ்லார் வந்து வாப்பாவின் காலடியில் இருந்து, "மாமா, வாய்க்கால்ல தண்ணி உட்டுட்டாங்க. ஒங்கட வயலுக்கும் நான்தான் பாச்சின" என்றார். வாப்பா அவரையே பார்த்து வேணாம் என்றார். மிஹ்லார் சிரித்துவிட்டு எழுந்தார். கேற்றடியில் என்னை நிறுத்தினார்.

"மச்சான், மாமா எனக்குச் சொல்லுற வேணாமும் மத்த ஆக்களுக்குச் சொல்லுற வேணாமும் ஒண்டுதானா?"

"ஒண்டுதான் மச்சான்."

"ஒனக்கு வடிவாத் தெரியுமா?"

"எழுத்து ஒண்டுதான்" என்றேன். அவர் மோட்டார் சைக்கிளை உதைத்தார். மூன்றாவது உதையில்தான் பற்றியது.

"மாமா விழுறதுக்கு முந்தின நாள் வயல்ல வரம்பு ஒண்டப் பத்தி எங்களுக்குள்ள ஒரு சின்னக் கதை வந்தது" என்றார், என்ஜின் சத்தத்துக்கு மேலால். "பெரிசா ஒண்டுமில்ல. மாமா ஒண்டும் சொல்லாமப் போயிட்டாரு." போய்விட்டார்.

வாப்பா திடீரென்று நிறையப் பேசியது ஒரு மஃரிப் தொழுகைக்குப் பிறகு. உம்மா பக்கத்தில் இருந்து ஓதிக்கொண்டிருந்தார். "அல்ஹம்து..." என்று உம்மா தொடங்க, வாப்பாவும் கூடத் தொடங்கினார். குர்ஆனின் அந்த முதல் சூறாவை ஒரு சொல் பிசகாமல், நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டி, முழுதாக ஓதி முடித்தார். கடைசியில் பழைய யானைத் தொண்டையில் "ஆமீன்" என்றார். உம்மா அழுதார். ராத்தா அழுதாள். பக்கத்து வீட்டு ஹவ்வா உம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து விசயம் தெரியாமலே அழுதார்.

"தேத்தண்ணி ஊத்தட்டா?" என்று கேட்டார் உம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"வேணாம்."

கிருஷிகா மிஸ்ஸுக்கு அழைத்துக் கேட்டேன். பாடமாகி வாய்க்குப் பழகிப்போனது வேறு இடத்திலிருந்து வரும், நினைத்துப் பேசுவது வேறு இடத்திலிருந்து வரும், அடி பட்டது இரண்டாவது இடத்தில்தான் என்றார். எனக்கு ஒரு வழி தெரிந்தது. மௌலவியிடம் ஓடினேன்.

"கேள்வியாக் கேட்டா வேணாம் எண்டுவாரு. அல்லாஹ்ட்டக் கேக்கிற துஆவாக் கேளுங்க. ஆமீன் எண்டுவாரு."

மௌலவி தாடியைத் தடவினார். "ஆமீன் எண்டா 'அப்பிடியே ஆகட்டும்.' கருத்துச் சரிதான். ஆனா துஆவுக்கு ஆமீன் சொல்லாத முஸ்லிம் ஆரு? அத எப்பிடிச் சம்மதம் எண்டு எடுக்கிற?"

"வேணாம் எண்டா சம்மதமில்ல எண்டு எடுத்தீங்கதானே. அதே மாதிரி இதையும் எடுங்க."

அவர் ஒரு நாள் தவணை கேட்டார். கிதாபுகளைப் பார்த்தார், இன்னும் இரண்டு மௌலவிமாரிடம் கேட்டார். ஒருவர் ஆகும் என்றார், ஒருவர் ஆகாது என்றார். மூன்றாவது ஆளைக் கேட்கவில்லை. "செய்து பாப்பம்" என்றார். "வரல்லியெண்டா நீ சொல்லோணும். பொண்ணக் குடுக்கிற வசனத்தப் பாடமாக்கி வெச்சிரு." நான் பாடமாக்கவில்லை.

வீட்டில் ஒத்திகை நடந்தது. உம்மா கையேந்தி மழைக்குத் துஆக் கேட்டார். "ஆமீன்." ஹவ்வா உம்மாவின் காணாமற்போன ஆட்டுக்குக் கேட்டார். "ஆமீன்." நான் கையேந்தி, "யா அல்லாஹ், றுமைஸுக்கு ஒரு மோட்டார் சைக்கிளக் குடுப்பாயாக" என்றேன்.

"ஆமீன்."

"தண்ட வாப்பாவோட வெளையாடுறியா?" என்று உம்மா அடிக்க வந்தார். ராத்தா சிரித்தாள். வாப்பா விழுந்த பிறகு அவள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். சிரித்து முடிந்ததும் அவள் கேட்டாள்:

"ஆமீன் வாப்பாட சொந்தச் சொல்லா தம்பி?"

"வாப்பாட வாயால வாறதெல்லாம் வாப்பாடதானே."

"அப்ப வேணாம்?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. "என்ட நிகாஹ் துஆவ மட்டும் ஒத்திக பாக்க வேணாம். அது அங்க, முதல் தரமா வரட்டும்" என்றாள். ஆகவே ஆட்டுக்கும் மழைக்கும் ஒத்திகை பார்த்தோம். தேவையான ஒன்றுக்குப் பார்க்கவில்லை.

நிகாஹ் அஸருக்குப் பிறகு பள்ளிவாசலில். ராத்தாவும் உம்மாவும் வீட்டில் இருந்தார்கள். என் தொலைபேசியில் ராத்தாவுக்கு அழைப்பெடுத்து, வெட்டாமல் சட்டைப் பையில் போட்டிருந்தேன். அங்கே நடப்பதெல்லாம் அவளுக்குக் கேட்கவேண்டும் என்பது அவளுடைய நிபந்தனை.

வாப்பாவைச் சக்கர நாற்காலியில் வைத்து, புதுச் சாரனும் தொப்பியும் போட்டு, மிஹ்லாருக்கு முன்னால் கொண்டு போய் நிறுத்தினோம். மௌலவி வாப்பாவின் செத்துப்போன வலக்கையைத் தூக்கி மிஹ்லாரின் கைக்குள் வைத்தார். மிஹ்லார் அதைக் கீழே விழாமல் இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டார். ஹமீட் ஹாஜியார் கடிகாரத்தைப் பார்த்தார். சோறு சஹன் தட்டுகளில் போட்டாயிற்றாம், ஆறினால் ருசி போய்விடுமாம்.

குத்பாப் பிரசங்கம் முடிந்து மௌலவி கையேந்தினார். அரபியில் துஆ ஓதினார். "ஆமீன்" என்றார் வாப்பா. பள்ளிவாசலே திரும்பிப் பார்த்தது. இன்னொன்று ஓதினார். "ஆமீன்." இறக்காமத்து யானைகளுக்குக் கேட்டிருக்கும். மௌலவி என்னைப் பார்த்து இலேசாகத் தலையசைத்தார். பிறகு நிறுத்தி நிதானமாகத் தமிழில் சொன்னார்:

"யா அல்லாஹ், இந்த அப்துல் ஸமட் தன் மகள் நிப்லாவை மிஹ்லாருக்கு மனம் பொருந்தி நிகாஹ் செய்து கொடுக்கிறார். இதைப் பொருந்திக்கொள்வாயாக."

"வேணாம்" என்றார் வாப்பா.

கூட்டம் ஆமீன் சொல்லத் தொடங்கிப் பாதியில் விட்டது. மௌலவி தொண்டையைச் செருமிக்கொண்டு அதையே இன்னும் மெதுவாகச் சொன்னார். வாப்பாவின் உதடு அசைந்தது. எல்லோரும் அந்த உதட்டையே பார்த்தோம்.

"வேணாம்."

"அவரு எல்லாத்துக்கும் அதத்தானே சொல்லுவாரு" என்றார் ஹமீட் ஹாஜியார் ஆறுதலாக. "நோயாளி. நீங்க அடுத்ததப் பாருங்க மௌலவி."

அவர் சொன்னதில் பிழையில்லை. ஆனால் எந்தத் துஆவுக்கும் வாப்பா வேணாம் சொன்னதில்லை என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், மௌலவிக்குத் தெரியும், என் சட்டைப் பைக்குள் இருந்தவளுக்குத் தெரியும். தமிழில் கேட்டதாலா என்றால், மோட்டார் சைக்கிளையும் நான் தமிழில்தான் கேட்டேன். தன் பெயர் காதில் விழுந்து, நினைத்துப் பேசும் இடம் விழித்துக்கொண்டதா? வரம்பா? கிருஷிகா மிஸ் அங்கே நின்றிருந்தாலும் 'இருக்கலாம்' என்றுதான் சொல்லியிருப்பார். மிஹ்லார் வாப்பாவின் கையை விடவில்லை. முகம் மட்டும் வெளிறிப்போயிருந்தது.

நான் தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்தேன்.

"ராத்தா."

"கேட்டுட்டுத்தான் இரிக்கன்."

"என்ன செய்ய?"

அவள் திருப்பிக் கேட்டாள்:

"வாப்பாட மொகம் எப்பிடி இரிக்கி?"

பார்த்தேன். வலப்பக்கம் அன்றைக்கே தொங்கிப் போனது. இடப்பக்கத்தில் கண் நனைந்திருந்தது. மகளைக் கொடுக்கும் எந்த வாப்பாவுக்கும் நனையும். கொடுக்க விருப்பமில்லாத வாப்பாவுக்கும் நனையும்.

"தெரியல்ல ராத்தா."

"நல்லாப் பாரு."

"பாத்துட்டன். தெரியல்ல."

பின்னால் உம்மா ஏதோ கேட்பது காதில் விழுந்தது.

"நீ சொல்லு தம்பி" என்றாள். தொலைபேசியை வெட்டாமலே மீண்டும் சட்டைப் பையில் போட்டேன்.

மௌலவி மிஹ்லாரின் கையிலிருந்து வாப்பாவின் கையை எடுத்து நாற்காலியின் கைப்பிடியில் வைத்தார். என்னைக் குந்தச் சொல்லி, என் வலக்கையை மிஹ்லாரின் கைக்குள் வைத்தார். மௌலவி வசனத்தைத் துண்டு துண்டாகச் சொல்லித் தந்தார். முதல் துண்டை நான் சொல்லும்போது வாப்பாவின் இடக்கை வந்து என் இடக்கை மணிக்கட்டைப் பிடித்தது. நாற்று முடி கட்டிய கை. பாதி பலம்தான் மிச்சமென்று டொக்டர் சொல்லியிருந்தார். அந்தப் பாதியே போதும்.

இழுத்தாரென்றால் நிறுத்தியிருப்பேன். தட்டிக் கொடுத்தாரென்றால் நிம்மதியாகச் சொல்லியிருப்பேன். இரண்டுமில்லை. பிடித்துக்கொண்டே இருந்தார்.

"...நிகாஹ் செய்து தந்தேன்" என்று முடித்தேன். சாட்சிகளுக்குக் கேட்கவில்லையாம். திரும்பச் சொல்லச் சொன்னார்கள். திரும்பவும் சொன்னேன். மிஹ்லார் ஏற்றுக்கொண்டதாகச் சொன்னார். முதல் தரத்திலேயே எல்லோருக்கும் கேட்டது. ஹமீட் ஹாஜியார் எழுந்து சோற்றுப் பக்கம் போனார்.

படம் எடுக்க வந்திருந்த அர்ஹம் முன்னால் குனிந்து நின்றான்.

"மச்சான், மாப்பிளைட கையும் ஒண்ட கையும் மட்டும்தான் இதுல வரோணும். வாப்பாட கையக் கொஞ்சம் எடு."

மிஹ்லாரின் கையிலிருந்து வலக்கையை எடுத்து, முதலில் வாப்பாவின் சின்னி விரலை விலக்கினேன். அடுத்த விரலுக்கு வருவதற்குள் சின்னி விரல் திரும்பிப் போய் இறுகியது. மோதிர விரலை விலக்கினேன். அதுவும் போனது. வாப்பா என்னைப் பார்க்கவில்லை, மிஹ்லாரையும் பார்க்கவில்லை. என் சட்டைப் பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அழைப்பு இன்னும் வெட்டுப்படவில்லை.

"எடுறா" என்றான் அர்ஹம்.

"நீ அப்பிடியே எடு" என்றேன்.